பினாங்கு நீரிணையில் சுங்கக் காவல் கப்பல்: இருட்டில் நடக்கும் வேலை என்ன?

ஜார்ஜ்டவுன் – கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணயமாற்றுக் கடைகளையும் நகைக்கடைகளையும் கடந்து குவான் இன் கோயில் வாசலுக்கு வந்தால், எதிரே சைனா ஸ்திரீட் நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது. அந்தத் தெரு முடிகிற கடலோரத்தில் மணிக்கூண்டு வைத்த ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1907-இல் ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. இங்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு பெர்ரியில் அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. பின்னாளில் அந்தக் கட்டடம் சுங்கத்துறையின் கைக்குப் போய் 'விஸ்மா கஸ்தாம்' ஆனது.

சுங்கத்துறை என்றதும் பலருக்கு நினைவு வருவது விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதிகாரிதான். ராஜுலா, சிதம்பரம் கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்து இறங்கிய தலைமுறைக்கு சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிய ஞாபகம் இருக்கும். ஆனால் அந்தத் துறைக்குக் கடலிலும் ஒரு வேலை உண்டு. அதைக் கரையில் இருப்பவர்கள் பார்ப்பதில்லை. ஒரு கடத்தல் சரக்கு பிடிபட்டு, பெட்டிகளை அடுக்கி வைத்த படம் செய்தியில் வரும்போதுதான் அப்படியொரு கப்பல் இருப்பதே தெரியவருகிறது.

'சுங்கம்' தமிழுக்குப் பழைய சொல். அதற்கும் முந்திய சொல் 'உல்கு'. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவியும் சரக்குகளைக் காவல் காத்து, அவற்றின் மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்த சுங்க அலுவலர்களைப் பற்றிப் பட்டினப்பாலை பேசுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே ஒரு பெயர் உண்டு. வரியை எடுத்துவிட்டதற்காக ஓர் அரசனை மக்கள் பெயர் வைத்து நினைத்தார்கள் என்றால், அந்த வரி எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பினாங்கும் ஒரு வகையில் சுங்கம் தவிர்த்த ஊர்தான். 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கம்பெனிக் கொடியை ஏற்றியபோது, கப்பல்களை இழுப்பதற்காக இதை வரியில்லாத் துறைமுகமாக வைத்தார். இடையில் சில காலம் வரி விதித்துப் பார்த்தாலும், பிறகு மீண்டும் வரியில்லாத் துறைமுகமாகவே நீண்ட காலம் நடந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த மரைக்காயர்கள், 1801-இல் பள்ளிவாசலை நிறுவிய கப்பித்தான் காதர் மைதீன் தலைமுறையினர், சூலியாத் தெருவில் கிட்டங்கி வைத்தவர்கள் எல்லாருடைய தொழிலும் இந்த வரியில்லாத் துறைமுகத்தின் மேல் நின்றது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. வரியில்லாத் துறைமுகம் என்றால் சுங்கக் காவல் தேவையில்லை என்றுதான் முதலில் தோன்றும். நடந்தது வேறு. புகையிலை, மது, பெட்ரோல் போன்ற சிலவற்றுக்குப் பினாங்கிலேயே வரி இருந்தது. மற்றவற்றுக்கு இங்கே வரி இல்லை, ஆனால் நீரிணையைத் தாண்டிப் பட்டர்வொர்த் கரையில் ஏறினால் வரி உண்டு. சட்டப்படி பினாங்கு தீவு நாட்டின் பிரதான சுங்க எல்லைக்கு வெளியே இருந்தது. மூன்று கிலோமீட்டர் அகலம்கூட முழுதாக வராத தண்ணீரின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் இன்னொரு விலை. பெர்ரியில் போகிறவர்களின் பையும் காரும் சோதிக்கப்பட்டன. மலிவாகக் கிடைத்த துணியையோ கைக்கடிகாரத்தையோ தோட்டத்துக்குக் கொண்டுபோன பெரியவர்களைக் கேட்டால், அன்றைக்குப் பையின் அடியில் எதை வைத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் சுங்கப் படகின் முகம் தீவைப் பார்த்து இருந்தது எனலாம். பினாங்கிலிருந்து பெருநிலத்துக்கு எது தப்பிப் போகிறது என்பதே அதன் கவலை. 1960-களின் இறுதியில் பினாங்கு வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. அத்துடன் கோடு நீரிணையை விட்டு நகர்ந்து வெளிக்கடலுக்குப் போனது. படகும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1987-இல் லங்காவி தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டபோது, வடக்கே அதே மாதிரி இன்னொரு கோடு வந்தது. ஒரே நாட்டுக்குள் இரண்டு விலை இருக்கும் வரை அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படகு ஓடத்தான் செய்யும்.

காத்திருப்பதே பாதி வேலை

சினிமாவில் வருவது போலத் துரத்தல் தினமும் நடப்பதில்லை. காவல் கப்பலில் பெரும்பாலான நேரம் காத்திருப்பில் போகிறது. தேவையில்லாத விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சினைக் குறைத்து, ரேடார் திரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கடத்தல்காரரின் நாள்காட்டியும் காவல் கப்பலின் நாள்காட்டியும் ஒன்றே: நிலவில்லாத இரவு, நீர் ஏறும் நேரம். பினாங்கு, கெடா கரைகளில் சேறும் சதுப்புநிலக் காடும் அதிகம். பெரிய வற்றம் வரும்போது சேறு வெளியே தெரிய, படகு கரையை நெருங்க முடியாது. ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை போகும். நீர் ஏறினால்தான் சரக்குப் படகு ஆற்று வாய்க்குள் நுழைந்து கரையில் காத்திருக்கும் லாரியைத் தொட முடியும். அதனால் வற்ற ஏற்ற அட்டவணையைப் படிக்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

ரேடார் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைக்கக் கூடாது. இரும்புக் கப்பல் திரையில் பளிச்சென்று தெரியும். தாழ்வாக ஓடும் மரப்படகும் பைபர் படகும் அலைகளின் குறிகளுக்குள் கலந்துபோகும். மழை வந்தால் திரை முழுக்க மழைதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையில் திடீரென்று வந்து அடிக்கும் 'சுமத்ரா' புயல்காற்றை மேற்குக்கரை மீனவர்கள் நன்றாக அறிவார்கள். அந்த நேரத்தில் திரையை விடக் கண்ணும் காதும் பயன்படுகின்றன. அதிவேகப் படகுகள் மூன்று நான்கு அவுட்போர்ட் எஞ்சின்களைப் பின்னால் மாட்டிக்கொண்டு வரும். அந்தச் சத்தம் படகுக்கு முன்பே வந்து சேரும்.

வேகத்தில் பெரிய காவல் கப்பல் அவற்றோடு போட்டி போட முடியாது. அதனால் கப்பல் தாய்க்கோழி போல நடுவில் நின்று ரேடாரிலும் வானொலியிலும் வழி சொல்லும். துரத்துவதும் மறிப்பதும் அது இறக்கிவிடும் சின்னப் படகின் வேலை. ஒரு கப்பலை நிறுத்தச் சொல்ல உலகம் முழுக்க ஒரே குறி உண்டு. மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டிய 'எல்' கொடியை ஏற்றுவார்கள், அல்லது அதே எழுத்தை மோர்ஸ் விளக்கில் காட்டுவார்கள். 'உடனே கப்பலை நிறுத்து' என்று அர்த்தம். இரவில் கொடியால் பயன் இல்லை. விளக்கும் ஒலிபெருக்கியும்தான்.

நிறுத்திய பிறகு ஏறுவது இன்னும் ஆபத்து. இரண்டு படகும் அலையில் வேறு வேறு தாளத்தில் ஏறி இறங்கும். கால் தவறினால் நடுவில் நசுங்கலாம். ஏறியவுடன் ஒருவர் காகிதங்களைக் கேட்பார், இன்னொருவர் ஆட்களைக் கவனிப்பார். கடைசித் துறைமுகம் கொடுத்த அனுமதி, சரக்குப் பட்டியல், ஆட்களின் பட்டியல், கப்பலாட்கள் தங்கள் உபயோகத்துக்கு வைத்திருக்கும் சிகரெட், மதுவின் பட்டியல். நாட்டுக்குள்ளேயே லங்காவியிலிருந்து பெருநிலத்துக்கு வரும் சரக்குக்கு கே3 பாரம். காகிதம் சொல்வதும் கண் பார்ப்பதும் பொருந்த வேண்டும்.

பொருந்தாதபோது தேடல் தொடங்கும். இது ஒரு தனிக் கலை. படகுக்குள் நீளத்தை அளந்து, வெளி நீளத்தோடு ஒப்பிட்டால், நடுவே மறைத்த அறை இருப்பது தெரிந்துவிடும். பழைய படகில் ஒரு பலகைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் சந்தேகம். துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே பளபளக்கும் திருகாணி இருந்தாலும் அப்படியே. தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி, நங்கூரச் சங்கிலிப் பெட்டி, மீன் வைக்கும் அறையில் ஐஸ் கட்டிகளின் அடி என்று கை போகாத இடமே இருக்காது. இதற்கெல்லாம் முன்னதாக ஒரு எளிய சோதனை உண்டு. 'மீன் கிடைக்கவில்லை, வெறும் படகு' என்று சொல்கிறவரின் படகு தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்று பார்ப்பது. வாய் பொய் சொல்லும், நீர்க்கோடு சொல்லாது.

பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தால் சரக்கு கடலுக்குள் போகும். தமிழ்நாட்டில் மண்டபம் பக்கம் இது அடிக்கடி நடக்கும் கதை. 2023 ஜூன் மாதத் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவில் இந்தியக் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளும் இலங்கையிலிருந்து வந்த சுமார் 32 கிலோ தங்கத்தைக் கைப்பற்றினார்கள். அதில் ஒரு பகுதி கடலில் வீசப்பட்டு, முக்குளிப்பவர்கள் அடியில் தேடி எடுத்தது. தங்கம் மூழ்கும், கெடாது. சிகரெட் பெட்டி நனைந்தால் அதன் விலை போய்விடும். எந்தச் சரக்கு எந்தக் கடல் வழியாகப் போகிறது என்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பிடித்த படகைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு ஓய்வு என்று நினைத்தால் தவறு. ஒவ்வொரு பெட்டியையும் எண்ண வேண்டும், பட்டியல் எழுத வேண்டும், முத்திரை வைக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று தவறினாலும் நீதிமன்றத்தில் வழக்கு ஆட்டம் காணும். படகில் இருந்தவர்களே சாட்சிகள். ஓர் இரவில் பிடித்த படகுக்காக அவர்கள் மாதக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

இந்த வாழ்க்கையில் கப்பலுக்கும் பங்கு உண்டு. உப்புநீரில் நிற்கும் கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டும். அது வளர வளர வேகம் குறையும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். காவல் கப்பலுக்கு வேகம் குறைந்தால் மற்ற எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் குறித்த காலத்தில் கப்பலை மேலேற்றி அடியைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். இரும்பை உப்பு அரிக்காமல் இருக்க அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். அரிப்பு இரும்பை விட்டுவிட்டு அந்தக் கட்டியைத் தின்னும். தின்று தீர்ந்ததும் புதுசு மாட்ட வேண்டும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கு எழுதுகிற மெக்கானிக்கின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. அவர் சரியாக இல்லாவிட்டால் பிடித்த செய்தியே வராது.

ஒரு பெட்டிக்கு எவ்வளவு?

எதற்காக இவ்வளவு பாடு என்பது சிகரெட் கணக்கைப் போட்டால் புரியும். 2015 நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கான கலால் வரி 40 சென் ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 20 சிகரெட் உள்ள ஒரு பாக்கெட்டுக்கு வரி மட்டும் 8 ரிங்கிட். மொத்த வியாபாரத்தில் ஒரு பெரிய பெட்டியில் 10,000 சிகரெட் இருக்கும். ஆகவே ஒரு பெட்டிக்கு வரி 4,000 ரிங்கிட். மீன்பிடிப் படகு ஒன்றில் 300 பெட்டி வந்தால் 12 லட்சம் ரிங்கிட். இதில் இறக்குமதி வரி சேரவில்லை.

ஒரு பாக்கெட் அந்த 8 ரிங்கிட்டுக்கும் குறைவாகக் கடையில் விற்றால், அதற்கு வரி கட்டியிருக்க முடியாது. வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. தோட்டத்துக் கடையிலும் பாசார் மாலாமிலும் இப்படி விற்பது புதிய சங்கதி அல்ல. சம்சு காலத்திலிருந்தே மலிவுச் சரக்கு முதலில் வந்து சேர்வது சம்பளம் குறைந்த இடங்களுக்குத்தான். வரியை ஏற்றினால் பழக்கம் குறையும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. வரி ஏறியதும் படகோட்டியின் லாபமும் ஏறுகிறது என்பது கடலின் கணக்கு. சுங்கக் கப்பல் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இனிமேல்தான். சரக்கின் சொந்தக்காரர் படகிலும் இருப்பதில்லை, லாரியிலும் இருப்பதில்லை. கூலிக்கு ஓட்டியவர், ஒரு ராத்திரிக்கு மூட்டை இறக்கப் போன பையன், பத்து கார்ட்டனைக் கல்லாவுக்கு அடியில் வைத்த மளிகைக் கடைக்காரர் ஆகியோரே கையில் சரக்கோடு நிற்பவர்கள். 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 135(1)(d) பிரிவு, வரி கட்டாத பொருளைத் தெரிந்தே வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. கடல் கடந்து கொண்டுவந்தவருக்கு மட்டுமான சட்டம் அல்ல அது. அபராதம் வரித் தொகையின் பல மடங்காகக் கணக்கிடப்படும், சிறையும் உண்டு. அதே சட்டத்தின் 119-ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே வரி கட்டப்பட்டதா என்ற கேள்வி எழுந்தால், கட்டியாயிற்று என்று காட்ட வேண்டியவர் பொருளை வைத்திருந்தவரே. 'டவுக்கே கொடுத்தார், வைத்திருந்தேன்' என்ற பதிலுக்குப் பின்னால் ரசீது இல்லையென்றால் அந்தப் பதில் நிற்காது.

இது கடுமையான சட்டம் என்பதில் சந்தேகமில்லை. கடலில் வீசப்பட்ட காகிதத்தையும் பெயரில்லாத முதலாளியையும் தேடி நிரூபிப்பது ஏறத்தாழ முடியாத காரியம் என்பதால் உலகின் பல நாடுகளில் சுங்கச் சட்டம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் பாரம் பெரும்பாலும் கடைசியில் நிற்கும் கூலியாள் தோளில் இறங்குகிறது என்பதும் உண்மை.

கப்பல் கைமாறும் காலம்

சுங்கத்துக்கென்றே கப்பல் வைத்திருப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் 1790-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் கடத்தலைத் தடுக்கப் பத்துச் சுங்கப் படகுகளைக் கேட்டு வாங்கினார். இன்றைய அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது. இந்தியாவில் 1970-களில் சுங்கத்துறைக்குத் தனிக் கடற்பிரிவு இருந்தது. கடலோரக் காவல்படை அமைந்த பிறகு, 1982-இல் அது அதோடு இணைக்கப்பட்டது. பாதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். வரி வசூலிக்கும் துறை தன் படகுகளை மெல்ல மெல்லக் கடலுக்கென்றே உள்ள ஒரு படையிடம் ஒப்படைக்கிறது.

மலேசியாவிலும் அப்படியே. கடல் போலீஸ், மீன்வளத்துறை, சுங்கத்துறை, கடற்படை என்று ஒரே தண்ணீரில் பல கொடிகள் ஓடிய நிலையில், 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் உருவாகி 2005 நவம்பர் 30-இல் பணியைத் தொடங்கியது. மற்றத் துறைகளின் கப்பல்கள் பலவும் அதற்குப் போயின. 2025-இல் எல்லைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு நிறுவனம் நுழைவாயில்களைப் பொறுப்பேற்றது. ஆகவே இரவில் ஒரு படகை மறிப்பது இன்று எந்தச் சீருடையாகவும் இருக்கலாம். வரி, வழக்கு, பறிமுதல் சரக்கு என்ற கணக்கு வரும்போது காகிதம் சுங்கத்துறையின் மேசைக்கே வரும்.

சரக்கும் வழி மாறிவிட்டது. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் இறங்கும் ஒரு நாற்பது அடிக் கொள்கலனில் அடங்குவதைக் கொண்டுவரப் பல படகுகள் தேவைப்படும். அங்கே வேண்டியது இருட்டு அல்ல, பொய்யாக எழுதிய ஒரு கே1 பாரம். அதனால் தேடல் இப்போது ஸ்கேனர் திரையிலும் காகிதத்திலும் அதிகம் நடக்கிறது. சின்னப் படகும் ஆற்று வாயும் இருக்கும் வரை இரவுக் காவல் மட்டும் நிற்கப் போவதில்லை.

பறிமுதலான பொருளைப் பற்றி ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. சரக்கோடு சேர்த்து அதை ஏற்றிய வேனோ லாரியோ படகோ பிடிக்கப்பட்டால், வழக்கு தொடுக்கப்படாத நிலையில், பிடித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் எழுத்து மூலம் உரிமை கோர வேண்டும் என்று சுங்கச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு மாதம் கடந்துவிட்டால் பொருள் அரசாங்கத்துக்குப் போய்விடும். வேனை வாடகைக்கோ இரவலுக்கோ கொடுத்துவிட்டு, விவரம் தெரியாமல் காத்திருப்பவர்கள் பிடித்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, பறிமுதல் பட்டியலின் நகலோடு முதல் வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கடை வைத்திருப்பவர்கள் சிகரெட்டிலும் மதுப் புட்டியிலும் வரி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, சப்ளையர் கொடுக்கும் ரசீதைத் தேதி வாரியாகக் கோத்து வைத்துக்கொள்ள வேண்டும்.